விதை வெங்காயத்தை மாரியிற் பேணும் முறை

கமக்காரரே! மாரியில் விதை வெங்காயம் அழுகினால், அடுத்த செய்கைக்கு விதையை விலைகொடுத்தே வாங்க நேரும். ஈரமும் காற்றோட்டமின்மையுமே அழுகலுக்கு ஏதுக்களாம்.

தாள்கள் சாயத் தொடங்கியதும் இறைப்பை நிறுத்துக. பிடுங்கியபின், காயப்பட்டனவற்றையும் கழுத்துத் தடித்தனவற்றையும் விதைக்கென வையாது, கறிக்கு ஒதுக்குக. ஏனையவற்றைத் தாளுடன், காற்றுப்படும் நிழலிற் பரப்பிச் சில நாட்கள் வாடவிடுக. கழுத்து நன்கு காய்ந்து சுருங்கினால், பூஞ்சணம் உட்புகுதல் அரிது.

பின்னர், சிறு பிடிகளாகக் கட்டி, ஒழுக்கற்ற கொட்டிலிலே கம்புகளில் இடைவெளிவிட்டுத் தொங்கவிடுக. நிலத்திற் குவித்தலும் சாக்கில் அடைத்தலும் ஆகா. கிழமைக்கொருமுறை பார்வையிட்டு, அழுகியவற்றை உடனே அகற்றுக. ஒன்றின் அழுகல் பிடி முழுவதற்கும் பரவும்.

புதிதாகப் பிடுங்கிய வெங்காயம் உறங்குநிலையில் இருக்கும். உடன் நட்டாற் சீராக முளையாது. உறக்கம் நீங்கியபின், திரண்டு இறுகிய குமிழ்களையே தெரிந்து நடுக.