ஒரே குளிசை, வேறு வேறு ஈரல்

விழுங்கிய குளிசை வயிற்றில் கரைந்ததும் அதன் வேலை தொடங்கிவிடுவதில்லை. மருந்து குடற்சுவரைக் கடந்து குருதிக்குள் சேர வேண்டும். அங்கிருந்து உரிய உறுப்பின் கலங்களுக்குள் புக வேண்டும். கடைசியில் பித்தத்தோடோ சிறுநீரோடோ வெளியேற வேண்டும். கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு கொழுப்பாலானது. நீரில் கரையும் மருந்துகள் பலவற்றால் அதைத் தாமாகத் தாண்ட முடியாது. அந்த வேலையைச் செய்பவை மென்சவ்வில் பதிந்துள்ள கடத்திப் புரதங்கள். எஸ்எல்சி என்ற பெருங்குடும்பத்தில் 400க்கு மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன; அவற்றின் புரதங்களில் பல, பொருள்களைக் கலத்துக்குள் எடுப்பவை. ஏறத்தாழ 50 மரபணுக்கள் கொண்ட ஏபிசி குடும்பத்தின் புரதங்கள் பெரும்பாலும் சக்தியைச் செலவிட்டுப் பொருள்களை வெளியே தள்ளுபவை. மருந்துக்கென்று உடல் இவற்றை உண்டாக்கவில்லை. பித்த உப்பு, ஓமோன், யூரிக் அமிலம் என்று உடலின் சொந்தப் பொருள்கள் போய்வர இருக்கும் படலைகள் இவை. மருந்தும் அதே வழியால் புகுந்துகொள்கிறது. படலையின் அளவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றல்ல.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஸ்ரற்றின் வகை மருந்துகளில் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் நீரிழிவுக்கோ இருதய நோய்க்கோ கிளினிக் போய்வருபவர்களின் கொப்பிகளில் ‘கொழுப்புக் குளிசை’யாக இடம்பிடித்திருக்கும் அற்றோவஸ்ரற்றின், றொசுவஸ்ரற்றின் எல்லாம் இந்த வகைதான். கொலஸ்திரோலை உடல் பெருமளவில் ஆக்கும் இடம் ஈரல். ஆகவே ஸ்ரற்றின் வேலை செய்ய வேண்டிய இடமும் ஈரலே. குருதியிலிருந்து அதை ஈரற் கலத்துக்குள் எடுப்பது ஓஏரிபி1பி1 என்ற கடத்தி. அதற்கான எஸ்எல்சிஓ1பி1 மரபணு 12ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அந்த மரபணுவின் 521ஆம் எழுத்து சிலரில் தைமீனுக்குப் பதிலாகச் சைற்றோசீனாக இருக்கும். அதனால் புரதத்தின் 174ஆவது அமினோ அமிலம் வலீனிலிருந்து அலனீனாக மாறிவிடும். 691 அமினோ அமிலங்களில் ஒன்றுதான் மாறுகிறது. ஆனால் கடத்தியின் உள்ளெடுக்கும் வலு குறைந்துவிடுகிறது. ஈரலுக்குள் போக வேண்டிய மருந்து குருதியிலேயே தேங்கித் தசைகளைச் சென்றடைகிறது. தொடையிலும் தோளிலும் நோ, பலவீனம், அரிதாகத் தசைநார்கள் சிதைந்து சிறுநீர் கறுத்துப்போகும் ஆபத்தான நிலை ஆகியவை அதன் விளைவுகள்.

இந்தத் தொடர்பை 2008இல் உறுதிசெய்தது ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களின் ‘சேர்ச்’ ஆய்வு. தினமும் 80 மில்லிகிராம் சிம்வஸ்ரற்றின் எடுத்தவர்களில் தசை நோய் கண்ட 85 பேரின் டிஎன்ஏயும், நோய் காணாத 90 பேரின் டிஎன்ஏயும் சுமார் 3 இலட்சம் இடங்களில் ஒப்பிடப்பட்டன. வலுவான வேறுபாடு தெரிந்தது ஒரே ஒரு மரபணுவில், அது எஸ்எல்சிஓ1பி1. மாறிய எழுத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு ஆபத்து நாலரை மடங்கு. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு ஏறத்தாழ 17 மடங்கு. 85 பேருடன் நடந்த ஆய்வு என்று ஒதுக்கிவிட முடியாதபடி, 40 மில்லிகிராம் கொடுத்த இன்னொரு பெரிய ஆய்விலும் அதே போக்குத் தெரிந்தது. 2011இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 80 மில்லிகிராம் சிம்வஸ்ரற்றினைப் புதிதாக எவருக்கும் தொடங்க வேண்டாம் என்றது.

எல்லா ஸ்ரற்றினும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு மாறிய பிரதிகளும் உள்ளவரின் குருதியில் சிம்வஸ்ரற்றினின் செயல்படும் வடிவம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அற்றோவஸ்ரற்றின் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. றொசுவஸ்ரற்றினில் ஏற்றம் குறைவு. புளூவஸ்ரற்றினில் மாற்றமே இல்லை. படலை சுருங்குவதற்குப் பரம்பரை மட்டும் காரணமல்ல. செரிவஸ்ரற்றின் என்ற மருந்து 2001இல் உலகச் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. ஜெம்பைபுறோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தைச் சேர்த்து எடுத்தவர்களில் தசைச் சிதைவு கூடுதலாக இருந்தது. பிந்திய மருந்து ஒரு நொதியத்தோடு இதே கடத்தியையும் தடுத்ததே காரணம்.

ஐரோப்பியரில் இந்த மாறிய எழுத்து நூறு பிரதிகளில் 15 அளவில் காணப்படுகிறது. தெற்காசியாவுக்கும் ஒரு சராசரி சொல்லப்படுவதுண்டு. ஆனால் பஞ்சாபிலிருந்து பருத்தித்துறை வரையுள்ளவர்களை ஒரு எண்ணுக்குள் அடக்குவது எவ்வளவு பொருந்தும் என்பது கேள்வி. 2015இல் நிறைவடைந்த ‘ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்’ 26 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் டிஎன்ஏயை வாசித்தது. அதில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் தனிக்குழுவாக இருக்கிறார்கள். போரால் புலம்பெயர்ந்த ஒரு சமூகம் இப்படி உலகின் மரபணுப் பதிவேட்டுக்குள் வந்தது. அந்தத் தரவு எவரும் எடுத்து ஆராயும்படி திறந்தே கிடக்கிறது. ஆனால் 102 பேர் என்பது அரிதான மாற்றங்களைக் கணிக்கப் போதாது. தீவகத்தையும் வடமராட்சியையும் மட்டக்களப்பையும் அது வேறுபிரித்துக் காட்டவும் மாட்டாது.

குடாநாட்டில் கலியாணங்கள் நெடுங்காலமாக ஊருக்குள்ளும் சாதிக்குள்ளும் நடந்துவந்தவை. மச்சான், மச்சாள் உறவில் முடிப்பதும் வழக்கம். மரபியற் கணக்கில் இதற்கு இடமுண்டு. ஓர் ஊரில் நூறு பிரதிகளில் 5 மாறியவை என்று வைத்துக்கொண்டால், உறவில்லாதவர் மணந்து பிறக்கும் பிள்ளைகளில் 400 பேருக்கு ஒருவர் இரண்டு மாறிய பிரதிகளையும் பெறுவார். சொந்த மச்சானும் மச்சாளும் மணந்து பிறக்கும் பிள்ளைகளில் அது ஏறத்தாழ 180 பேருக்கு ஒருவர் என்றாகிறது. எழுத்தின் அளவு அதேதான். அது இரட்டையாகச் சேரும் வாய்ப்புத்தான் கூடுகிறது.

றொசுவஸ்ரற்றின் விடயத்தில் இன்னொரு கடத்திக்கும் பங்குண்டு. குடலிலும் ஈரலிலும் மருந்தை வெளியே தள்ளும் ஏபிசிஜி2, மருந்துக்கு மசியாத மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் 1998இல் அடையாளம் காணப்பட்டது. இதன் 141ஆவது அமினோ அமிலம் குளூற்றமீனிலிருந்து லைசீனாக மாறினால், வெளியே தள்ளப்பட வேண்டிய மருந்து உடலில் தங்குகிறது. இரண்டு மாறிய பிரதிகளும் உள்ளவரில் றொசுவஸ்ரற்றின் அளவு இரண்டு மடங்கைத் தாண்டும். யூரிக் அமிலத்தையும் இதே புரதம் வெளியேற்றுவதால், அதே மாற்றம் கவுற் எனும் மூட்டு நோவின் வாய்ப்பையும் கூட்டுகிறது. கிழக்காசியரில் இது மிகப் பரவலாக உண்டு. தெற்காசியரில் அதைவிடக் குறைவு. எனினும் ஆசிய வம்சத்தினருக்கு 5 மில்லிகிராமில் தொடங்குமாறு சொல்லும் அமெரிக்க மருந்துத் தாள், யப்பானியரையும் சீனரையும் இந்திய வம்சத்தினரையும் ஒரே வரிக்குள் அடக்கிவிடுகிறது. பாதுகாப்புக்கு அது போதும். அறிவியலுக்கு அது மொட்டையான வரி.

மூளையின் குருதிக்குழாய்ச் சுவரில் நிற்கும் பி-கிளைக்கோபுரதம் இன்னொரு வகை. 1976இல் இனங்காணப்பட்ட இப்புரதம், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் லோபெரமைட் மூளைக்குள் போகாதபடி தடுக்கிறது. இல்லாவிட்டால் ஓபியம் வகையைச் சேர்ந்த அம்மருந்து மயக்கத்தை உண்டாக்கும். இதன் ஏபிசிபி1 மரபணுவில் 3435ஆம் இடத்து மாற்றம் எந்த அமினோ அமிலத்தையும் மாற்றுவதில்லை. ஆயினும் புரதம் மடியும் விதம் அதனால் வேறுபடலாம் என்று 2007இல் காட்டப்பட்டது. நோயாளிகளில் அதன் விளைவு பற்றிய முடிவுகள் மட்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நீரிழிவுக்கு முதலில் எழுதப்படும் மெற்போமினை ஈரலுக்குள் எடுப்பது ஓசிரி1 என்ற கடத்தி. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தென்னிந்திய நீரிழிவு நோயாளிகளை ஆராய்ந்து, அக்கடத்தியின் மரபணுவிலுள்ள ஒரு மாற்றத்தைப் பொறுத்து மெற்போமினின் பலன் வேறுபடுவதாக எழுதியிருக்கிறார்கள். வேறு நாடுகளின் ஆய்வுகள் எல்லாம் இதனோடு ஒத்துப்போகவில்லை.

எஸ்எல்சிஓ1பி1 விடயத்தில் தயக்கம் குறைவு. மரபணு முடிவு கையிலிருந்தால் எந்த ஸ்ரற்றின், எவ்வளவு என்று தெரிவுசெய்வதற்குச் சர்வதேச வழிகாட்டிகள் உண்டு. மரபணு மாறாததால் பரிசோதனை ஆயுளில் ஒருமுறை போதும். ஆனால் கொழுப்புக் குளிசை தொடங்கிய பின் வரும் நோவெல்லாம் இந்த எழுத்தால் வருவதல்ல. 2020இல் வெளியான ‘சாம்சன்’ ஆய்வில், ஸ்ரற்றின் எடுத்த மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம், மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்த மாதங்களிலும் வந்தது. தைரொயிட் சுரப்புக் குறைந்தவர்களுக்கும் இதே தசை நோ வரும். ஆகவே குளிசையைத் தானாக நிறுத்துவதற்கு முன் கிளினிக்கில் தசைச் சிதைவைக் காட்டும் கிரியற்றின் கைனேசையும் தைரொயிட் அளவையும் பார்ப்பது முதல் வேலை.