உறவினர் வாசலில் மோட்டார் இல்லம்

அமெரிக்காவில் மோட்டார் இல்லத்திலேயே, அதாவது வீடுபோல் அமைந்த வண்டியிலேயே, ஆண்டு முழுவதும் வாழ்வோரில் பலர் ஓய்வுபெற்றவர்கள். குளிர்காலத்தை அரிசோனாவிலோ ஃபுளோரிடாவிலோ கழித்துவிட்டு, கோடையில் வடக்கே உள்ள பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் பார்க்கப் போவார்கள். அவர்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தினால், இவ்வண்டிகளுக்கான முகாமில் தங்கும் வாடகை மிச்சம். இரவில் அவரவர் படுக்கை அவரவருக்கு. நெடுநாள் தங்கும்போது இந்த இடைவெளி இருதரப்புக்கும் பெரிய ஆறுதல்.

முதல் சிக்கல் மின்சாரம். பெரிய வண்டிகள் 30 அல்லது 50 ஆம்பியர் இணைப்புக்கென அமைந்தவை. வீட்டு பிளக்கில் கிடைப்பதோ வழக்கமாக 15 அல்லது 20. ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் ட்ரிப் ஆகிவிடும். மெல்லிய நீட்டிப்பு ஒயர் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். வண்டியின் கழிவறைத் தொட்டியையும் அதற்கான நிலையத்தில் முன்பே காலிசெய்துவிட்டு வருவது நல்லது. பல குடியிருப்புச் சங்கங்கள் இவ்வண்டிகளை வாசலில் நிறுத்தவே விடுவதில்லை. அங்கே அருகிலுள்ள முகாமில்தான் இடம் பிடிக்க வேண்டும். கோடை விடுமுறையில் முன்பதிவு அவசியம்.