மிச்ச நேரம் - 9: தார் பீப்பாய் ராஜ்ஜியம்

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் இரவு ஒன்பதரைக்குப் போன் செய்தார். தாலுகா ஆபீஸில் வேலை, ரெக்கார்டு ரூம் பொறுப்பு. "நீங்க எழுதறது எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். காலையில எட்டு மணிக்குக் கிளம்பினா ராத்திரி ஏழுக்குத்தான் வீடு. அப்புறம் பாப்பாவோட டியூஷன், அம்மாவுக்கு மாத்திரை. இதுல எங்க உட்கார்ந்து கதை எழுதறது?" ரிடையர் ஆனதும் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறாராம். இன்னும் ஆறு வருஷம். சண்டிகரில் ஒரு ரோடு இன்ஸ்பெக்டர் இருந்தார் என்று நான் தொடங்கினேன். அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ரோடு இன்ஸ்பெக்டர்.

பெயர் நேக் சந்த். 1924-இல் பிறந்தவர். ஊர் இன்றைய பாகிஸ்தானில், ஷக்கர்கட் பக்கத்தில் ஒரு விவசாயக் கிராமம். சின்ன வயதில் ஓடைக்கரைக் களிமண்ணில் பொம்மை பிடித்து, உடைந்த வளையல் துண்டுகளை அதில் பதித்து விளையாடிய பையன். பிரிவினையில் ஊர் போயிற்று. இந்தப் பக்கம் வந்து அலைந்தவருக்கு 1951-இல் சண்டிகர் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. அந்த நகரமே அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது.

நகரத்தைத் திட்டமிட்ட லெ கோர்புசியேவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாரிஸில் இருக்கும்போது காலை முழுக்க வீட்டில் ஓவியம் தீட்டுவார். மதியத்துக்கு மேல்தான் கட்டடக்கலை அலுவலகம். நாளை இரண்டாக வெட்டி நல்ல பாதியைத் தனக்கு எடுத்துக்கொண்ட மனிதர். அது முதலாளிக்குக் கட்டுப்படியாகும். ரோடு இன்ஸ்பெக்டருக்கு மிஞ்சியது சாயங்காலமும் இரவும்தான்.

புதிய நகரத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களை அப்புறப்படுத்தினார்கள். இடித்த வீடுகளின் ஓடு, பானைச் சில்லு, வளையல் எல்லாம் மண்மேடாகக் கிடந்தன. 1950-களின் கடைசியில் நேக் சந்த் சைக்கிளை எடுத்துக்கொண்டு இவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். ஆற்றுப் படுகைகளுக்குப் போய் மனிதன் மாதிரியும் பறவை மாதிரியும் தெரிந்த கற்களைக் கொண்டுவந்தார். சுக்னா ஏரிக்கு அருகே, கட்டடம் எழுப்பவே கூடாது என்று ஒதுக்கிய அரசுக் காட்டில் ஒரு குடிசை போட்டு அதில் சேர்த்தார். முதல் ஏழெட்டு வருஷம் பெரும்பாலும் சேர்த்தல்தான். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்திருந்தால் காயலான் கடை வைக்கப்போகிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

பிறகு கட்ட ஆரம்பித்தார். இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை. வளையல் துண்டில் சேலை கட்டிய பெண்கள், பீங்கான் சில்லில் உடம்பு போர்த்திய வாத்தியக்காரர்கள், சைக்கிள் ஃபோர்க்கைக் காலாகவும் சீட்டைத் தலையாகவும் கொண்ட மிருகங்கள். அம்மாவிடம் சிறுவயதில் கேட்ட கதைகளில் வந்த ராஜ்ஜியம் ஒன்றை அந்தக் காட்டில் எழுப்புவதாக அவருக்கு நினைப்பு. தனிமனிதர்களுக்குச் சிலை வைக்கக் கூடாது என்பது கோர்புசியே சண்டிகருக்கு எழுதிவைத்த கட்டளைகளில் ஒன்று. (நம் ஊர் நாற்சந்திகளுக்கும் யாராவது அப்படி ஒன்று எழுதி வைத்திருக்கலாம்.) அந்த நகரத்தின் ஓரத்தில் பெயரில்லாத மனிதர்கள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தார்கள்; யாருக்கும் தெரியாது.

இன்று தோட்டமாகிவிட்ட அந்த இடத்துக்கு நான் போனபோது என்னை நிறுத்திவைத்தவை சிலைகளைவிடச் சுவர்கள்தான். தார் பீப்பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுந்த சுவர். இன்னொரு பக்கம் வீட்டு மின்சாரத்துக்கான பீங்கான் ஃபியூஸ்கள் பதித்த சுவர். தார் பீப்பாய் காலியானால் எங்கே உருட்டிவிடுவார்கள் என்பது ரோடு போடுகிறவனுக்குத்தான் தெரியும். கலவையில் தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாள் நனைக்க வேண்டும், கம்பி எந்த இடத்தில் துருத்தினால் விரிசல் விடும் என்பதெல்லாம் அவர் சம்பளத்துக்குக் கற்றுக்கொண்டவை. பகலில் சாலை, இரவில் சிலை. கையில் ஒட்டியிருந்தது ஒரே சிமெண்ட். பாங்க் குமாஸ்தாவாக இருந்திருந்தாலும் அவர் ஏதோ செய்திருப்பார், ஆனால் இதைச் செய்திருக்க முடியாது. வேலை நம் நேரத்தைத் தின்கிறது என்று அங்கலாய்க்கிறோமே, தின்றுவிட்டு அது எதை நம் கையில் விட்டுவிட்டுப் போகிறது என்று பார்ப்பதில்லை. இதைத்தான் வாசகரிடம் சொல்ல நினைத்தேன்.

1970-களில் விஷயம் அதிகாரிகள் கண்ணில் பட்டது. சட்டப்படி ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் பார்த்தவர்களுக்கு மனம் வரவில்லை. 1976-இல் ராக் கார்டன் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அவருக்குப் பதவி, சம்பளம், உதவிக்கு ஐம்பது ஆட்கள். 1984-இல் பத்மஸ்ரீ. ஒருமுறை சாலைக்காகத் தோட்டத்தில் ஒரு பகுதியை இடிக்கப் பார்த்தபோது ஊர்மக்கள் கைகோத்துக் குறுக்கே நின்றார்கள். 2015 ஜூனில் காலமானார்.

ஐம்பது ஆட்கள் வந்த பிறகு எழுந்தவை பிரம்மாண்டமானவை. அருவி, உயர்ந்த வளைவுகள், வரிசையாக ஊஞ்சல்கள். குழந்தைகள் அங்கேதான் கூடுகிறார்கள். எனக்கென்னவோ தனியாளாகச் செய்த அந்த முதல் பகுதிதான் பிடித்திருந்தது. வாசல்கள் தாழ்வானவை, குனிந்துதான் நுழைய வேண்டும். குனிந்து நிமிர்ந்தால் இடுப்புயர மனிதர்கள் ஒரு கூட்டமாக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டயர் வெளிச்சத்தில், நாளைக்கு டியூட்டி இருக்கிறது என்ற நினைப்போடு செய்த முகங்கள். ஒன்றின் வாய் கோணல். ஒன்றுக்குக் கண் ஒரு பக்கம் பெரிது. சம்பள நேரத்தில் செய்திருந்தால் திருத்தியிருப்பார்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ரோடு இன்ஸ்பெக்டரைப் பாதியில் விட்டுவிட்டு, "உங்க ரெக்கார்டு ரூம்ல என்னதான் சார் இருக்கு?" என்று சும்மா கேட்டுவைத்தேன். வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் புத்தகங்கள் என்றார். செல்லரித்த மூலைகளை, மைக் கறையை, பிள்ளைகள் பாகம் பிரிக்க ஒரே சர்வே எண் பதினேழாக உடைந்த கதையை, பிறகு ஏதோ ஒரு சர்வேயர் ஒரு கண்மாயை அளந்துவிட்டுப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் வரைந்துவிட்டுப் போயிருந்த கொக்கை என ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்கிறதாம். எந்த ஊர்க் கண்மாய் என்று கேட்டேன். கிராம எண், சர்வே எண், பக்க எண்ணோடு சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தால் மணி பத்தேகால்.