கழுத்துக்குள் பதுங்கிய ‘ஆசாமி’! கர்ப்பிணிகளே, உஷார்!

பிறந்த பச்சைக் குழந்தைக்குக் கை, கால் இழுப்பு! ஆனால் குற்றவாளி குழந்தையிடம் இல்லை. தாயின் கழுத்துக்குள் பதுங்கி இருந்தான்!

1939-ம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் டாக்டர் பிரிடெரிக்சென் வெளியிட்ட கேஸ் இது. குழந்தைக்கு வந்த இழுப்புதான் தாயிடம் மறைந்திருந்த வியாதியைக் காட்டிக் கொடுத்தது.

யார் இந்த ஆசாமி?

பெயர் பாராதைராய்டு சுரப்பி. தைராய்டுக்குப் பின்னால், அரிசி அளவில், பெரும்பாலும் நான்கு இருக்கும். ரத்தத்தில் உள்ள கால்சியத்துக்குக் கணக்குப் பார்ப்பது இவற்றின் வேலை. ஒன்றில் கட்டி வந்து அதிகமாகச் சுரந்தால், எலும்பில் உள்ள கால்சியம் கரைந்து ரத்தத்தில் ஏறும்.

அசதி, தாகம், மலச்சிக்கல், வாந்தி வரலாம். “மசக்கைதானே, சரியாப் போயிடும்” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஆசாமி தப்பிப்பது அங்கேதான்! முன்பு சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இழுப்பு ஏன்?

தாயிடமிருந்து கால்சியம் தாராளமாக வருவதால், குழந்தையின் சுரப்பி தூங்கிவிடுகிறது. தொப்புள் கொடியை அறுத்ததும் வரத்து நின்றுபோகும். உடனே குழந்தைக்குக் கால்சியம் இறங்கும். இழுப்பு வரும்.

பயம் வேண்டாம்!

கோளாறு லேசாக இருந்தால் ஆபரேஷன் இல்லாமலே சமாளிக்கலாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். டாக்டர் சொல்லும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்ப காலத்தில் மொத்தக் கால்சியம் இயல்பாகவே குறைத்துக் காட்டும். அதனால் ‘அயனைஸ்டு கால்சியம்’ பரிசோதனையும் தேவைப்படலாம். கழுத்தை அல்ட்ரா சவுண்டு ஸ்கேனில் பார்ப்பதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

100 மில்லி ரத்தத்தில் கால்சியம் சுமார் 11 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபரேஷன் பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள். அதற்கு ஏற்றது நடு மூன்று மாதம்.

மாத்திரை விஷயம்

அரசு ஆஸ்பத்திரிகளில் 14 வாரத்துக்குப் பிறகு கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை தருகிறார்கள். மற்றவர்கள் அதை நிறுத்தவே கூடாது. இந்தக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

பிரசவம் முடிந்ததும் தாய்க்குக் கால்சியம் திடீரென்று ஏறலாம். ஆகவே தாய், குழந்தை இருவரையும் கவனிக்க வேண்டும்.

பிரசவ வார்டில் சேரும்போதே, “எனக்குக் கழுத்துச் சுரப்பியில் கோளாறு இருக்குங்க டாக்டர்” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை பிள்ளையைக் காக்கும்!