பேனல் ஐந்து, பெட்டி மூன்று
மொட்டை மாடியில் எத்தனை கிலோவாட் பதித்தாலும் வீட்டுக்குள் வருவது இன்வர்ட்டர் விடும் அளவுதான்.

இந்திய வீடுகளில் இன்வர்ட்டர் என்றால் மின்வெட்டின்போது மின்விசிறியைச் சுற்றவைக்கும் பெட்டி. பக்கத்தில் ஒரு பேட்டரி, அவ்வப்போது ஊற்ற டிஸ்டில்டு வாட்டர். அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, சோலார் பேனல் மாட்டுகிறவர்கள் அதனுடன் வரும் இன்வர்ட்டரைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை. எத்தனை பேனல், எந்த கம்பெனி, மானியம் எப்போது வங்கிக் கணக்குக்கு வரும் என்பதைச் சுற்றியே பேரம் நடக்கிறது. சுவரில் தொங்கப்போகும் பெட்டிக்கு விலைப்பட்டியலில் ஒரே ஒரு வரி.

இப்படி மாட்டுகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் ரூ. 75,021 கோடி செலவில் 1 கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. 2025 மார்ச்சில் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. அப்போது முதலிடத்தில் குஜராத். 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய மானியம் ரூ. 78,000. மீதியைக் கையிலிருந்தோ கடன் வாங்கியோ போடுகிற குடும்பத்துக்கு ஒவ்வொரு யூனிட்டும் கணக்குதான்.

பேனல் தருவது நேர்திசை மின்சாரம். வீட்டு மின்விசிறிக்கும் தெருக் கம்பிக்கும் வேண்டியது மாறுதிசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே இன்வர்ட்டரின் வேலை. 3 கிலோவாட் என்று எழுதியிருக்கும் பெட்டி ஏறக்குறைய 3,000 வாட்டுக்கு மேல் வெளியே விடாது. கூரையில் 5,000 வாட் பதித்திருந்தாலும் அதே கதைதான். ஏரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் மதகு திறந்த அளவுக்குத்தானே வாய்க்காலில் தண்ணீர்? ஏரியிலாவது மிச்சம் தேங்கி நிற்கும். இங்கே அதுவும் கிடையாது. கூடுதல் மின்சாரத்தைப் பேனலிடமிருந்து பெட்டி வாங்கவே மறுத்துவிடுகிறது. அந்த வெயில் பேனலைச் சூடாக்குவதோடு சரி.

அப்படியானால் பேனலுக்குச் சமமான இன்வர்ட்டர் கட்டாயமா? இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

பேனலின் முதுகில் அச்சிட்டிருக்கும் 540 வாட் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, பேனல் செல்லின் வெப்பம் 25 டிகிரி என்ற நிலையில் எடுத்தது. மே மாத ஆமதாபாத்தில் நண்பகலில் செல்லின் வெப்பம் சாதாரணமாகவே 60 டிகிரியைத் தாண்டும். ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி ஏறக்குறைய 0.35 சதவிகிதம் இறங்குகிறது. வெப்பம் 65 டிகிரி என்றால் 14 சதவிகிதம் காலி. வெயில் அதிகமானால் கரெண்டும் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அல்ல. இதோடு புழுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு பேனல், 3,240 வாட் பதித்த வீட்டில் நல்ல வெயிலிலும் 2,600 அல்லது 2,700 வாட் வந்தால் பெரிது. 3 கிலோவாட் பெட்டி அதைத் தாராளமாகத் தாங்கும். 4 கிலோவாட் பெட்டி வாங்கினால் கூடுதல் செலவு மட்டுமே மிச்சம்.

ராஜஸ்தான் பாலைவனத்தின் பெரிய சூரிய மின்நிலையங்களிலும் இன்வர்ட்டர் திறனைவிடப் பேனல் திறனைக் கூடுதலாக வைப்பது வழக்கம். ஆஸ்திரேலிய வீடுகளில் 5 கிலோவாட் இன்வர்ட்டருக்கு 6.6 கிலோவாட் பேனல் என்பது பல ஆண்டுகளாகப் பழகிப்போன ஜோடி. நண்பகலில் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் காலை, மாலை, மேகமூட்டமான நாள்களில் அதைவிட அதிகமாகக் கிடைத்துவிடுகிறது.

சிக்கல் அளவு மீறும்போதுதான். இரண்டாவது ஏ.சி. வாங்கிய குடும்பம் அதே 3 கிலோவாட் பெட்டியில் இன்னும் நான்கு பேனல் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,400 வாட். தெளிவான நாளில் உச்சத்தில் 4,400 வாட் வரக்கூடும். ஆனால் காலை பத்து மணியளவில் 3,000-ஐத் தொட்டதும் பெட்டி கையை விரித்துவிடும். பிற்பகல் மூன்று மணிவரை அதே நிலை. தோராயக் கணக்கில் அன்றைய உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 4 யூனிட் போயிற்று. மழைக்காலத்தில் அவ்வளவு இழப்பு இராது. ஆனாலும் நான்கு பேனலுக்குக் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பாது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. பேனல்களை வரிசையாகக் கோக்கும்போது மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும். 540 வாட் பேனல் ஒன்றுக்குச் சுமார் 50 வோல்ட். பத்து கோத்தால் 500. வட இந்தியாவின் ஜனவரிக் காலையில், குளிரில் அது இன்னும் ஏறும். பெட்டி தாங்கும் உச்ச அளவு அதற்குக் கீழே இருந்தால் பெட்டியே எரிந்துபோகலாம். வாட் கூடினால் இழப்பு யூனிட்டோடு நிற்கும். வோல்ட் கூடினால் பெட்டியே போய்விடும். 10, 11 ஆம்பியருக்கென்று செய்த பழைய பெட்டிகளில் 13 ஆம்பியர் தரும் இன்றைய பெரிய பேனலை மாட்டினாலும் ஒரு பகுதி வீண்தான்.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் நடக்கலாம். 3 கிலோவாட் பேனல் என்று விலை பேசிவிட்டு 2 கிலோவாட் பெட்டியை மாட்டினால் இழப்பு இரட்டை. மத்திய மானியத்துக்குப் பேனல் திறன், இன்வர்ட்டர் திறன் இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கு. பெரும்பாலான மாநிலங்களில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ. 30,000, மூன்றாவதற்கு ரூ. 18,000. சின்னப் பெட்டியால் அந்த ரூ. 18,000 கைநழுவும்.

சரியான அளவில் வாங்கினாலும் மாட்டும் இடம் காலை வாரிவிடும். மேற்குச் சுவரில், மாலை வெயில் நேராக அடிக்கும் இடத்தில் தொங்கவிட்டால், பல பெட்டிகள் 45 டிகிரிக்கு மேல் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். கோடையில் 3 கிலோவாட் பெட்டி இரண்டரையாகச் சுருங்கும். மாடிப்படிக்குக் கீழே, காற்றோட்டமுள்ள நிழலில் மாட்ட ஆகும் கூடுதல் செலவு சில மீட்டர் ஒயர்தான்.

தெருவில் மின்சாரம் போனால் பேட்டரி இல்லாத சோலார் இன்வர்ட்டரும் நின்றுவிடும் என்பது பலருக்கு முதல் மின்வெட்டில்தான் தெரியவருகிறது. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது, பெட்டியின் கோளாறல்ல.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்களுக்கு ஆள் வைத்துச் சோதிக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலான இன்வர்ட்டர்கள் செல்போனிலேயே அன்றைய உற்பத்தியைக் கோடாக வரைந்து காட்டுகின்றன. மேகமில்லாத நாளில் அது வழவழப்பான குன்றுபோல ஏறி இறங்க வேண்டும். உச்சி சிறிது நேரம் தட்டையாக இருந்தால் கவலையில்லை. பெட்டியில் எழுதிய அளவிலேயே பல மணி நேரம் மேஜைபோலப் படுத்திருந்தால் பெட்டி போதவில்லை. எழுதிய அளவுக்குக் கீழேயே பிற்பகலில் சரிந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். நடுப்பகலில் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து சில நிமிடங்களில் எழுந்தால், தெருக் கம்பியில் வோல்ட் எல்லை மீறியிருக்கக்கூடும். அந்தப் புகாரை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் மின் விநியோக அலுவலகம்.