கால் எட்டவில்லையா? பைக்கை இறக்கலாம், கணக்கோடு!

சாலையில் சிவப்பு விளக்கு விழும்போது கவனித்துப் பாருங்கள். வண்டிகள் எல்லாம் வரிசையாக நிற்கும். சிலர் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தமாக ஊன்றியிருப்பார்கள். சிலரோ ஒரு பக்கமாகச் சரிந்து, ஒற்றைக் கால் நுனியை மட்டும் தரையில் தொட்டபடி, பச்சை எப்போது விழும் என்று தவித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. வண்டி கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

அவர்களுக்குக் கால் இனி வளராது. அப்படியானால் வண்டியை இறக்கலாமா? இறக்கலாம், வழிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் குறைத்தால் இன்னோரிடத்தில் அது கணக்குக் கேட்கும். அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சீட் உயரமும் கால் நீளமும்

தரையிலிருந்து சீட் வரை உள்ள அளவுதான் சீட் உயரம். ஹீரோ ஸ்பிளெண்டரில் இது 785 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் 805. மலைப்பாதைக்கென்று செய்யப்பட்ட ஹிமாலயன் 450-இல் 825. அதே சீட்டை மேல் நிலையில் மாட்டினால் 845. பஜாஜ் அவெஞ்சரில் 737தான்.

இப்போது உங்கள் காலை அளந்து பாருங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு தொடைகளுக்கும் நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே முட்டும்வரை தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை எவ்வளவு? அதுதான் உட்கால் நீளம்.

ஒருவருக்கு உட்கால் 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 75 செ.மீ. உயர சீட்டில் உட்கார்ந்தால் அவருடைய பாதம் தரையில் முழுதாகப் பதியுமா? பதியாது! சீட்டுக்கு அகலம் இருக்கிறதே. கால் நேராக இறங்காமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. கால் நடுக்கோட்டிலிருந்து 21 செ.மீ. தள்ளித் தரையைத் தொடுகிறது என்றால், பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். 75-இன் வர்க்கம் 5625. 21-இன் வர்க்கம் 441. கழித்தால் 5184. அதன் வர்க்கமூலம் 72. அதாவது 3 செ.மீ. நஷ்டம்.

சீட்டின் முன்பகுதியைச் செதுக்கி ஒடுக்கினால் இந்த 21 செ.மீ. 12 ஆகும் என்று கொள்வோம். இப்போது கணக்குப் போட்டால் 74 செ.மீ. வருகிறது. உயரத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாமல் 2 செ.மீ. மிச்சம்!

பாதம் ஏன் பதிய வேண்டும்?

180 கிலோ எடையுள்ள பைக்கின் பக்கத்தில் நின்று, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் அதன் ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கிறீர்கள். வண்டியின் ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வண்டி நேராக நின்றால் ஒரு விரலால்கூடப் பிடித்துக்கொள்ளலாம். 5 பாகை சாய்ந்தால் சுமார் 9 கிலோவைத் தாங்க வேண்டும். 10 பாகையில் 17 கிலோ. 20 பாகையில் 34 கிலோ!

பாதம் முழுதும் எட்டுபவர், வண்டி 2, 3 பாகை சரியும்போதே தாங்கிக்கொள்வார். கால் நுனி மட்டும் எட்டுபவர் வண்டி நன்றாகச் சாய்ந்த பிறகுதான் தரையை அழுத்த முடியும். அதற்குள் எடை பல மடங்காகிவிடும். கீழே மணலோ எண்ணெயோ கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தச் சிக்கல் எல்லாம் வண்டி நிற்கும்போதுதான். ஓடும் வண்டிக்குக் கால் தரையில் தேவையில்லை. ஸ்பெயின் நாட்டு வீரர் டானி பெட்ரோசாவின் உயரம் ஏறத்தாழ 160 செ.மீ.தான். அவர் 2003-இல் 125 சி.சி. பிரிவிலும், 2004, 2005-இல் 250 சி.சி. பிரிவிலும் உலகச் சாம்பியன் ஆனார். பிறகு உச்சப் பிரிவான மோட்டோ ஜிபியில் 31 பந்தயங்களில் வென்றார்.

முதல் கத்தி சீட்டுக்கு

சீட் தைக்கும் கடைக்குப் போய்ப் பாருங்கள். சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, உறையைப் பிடித்திருக்கும் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார்கள். உறையை உரித்தால் மஞ்சள் நிற ஃபோம் தெரியும். எங்கே வெட்ட வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டு, நீளமான பிளேடால் சீவி எடுப்பார்கள். மேடு பள்ளம் தெரியாமல் தேய்த்து, மேலே கெட்டியான ஒரு ஃபோம் ஷீட்டை ஒட்டி, உறையை இழுத்துப் பின் அடித்துவிடுவார்கள். 2, 3 செ.மீ. உயரம் குறைந்துவிடும்.

இதில் வண்டியின் சக்கரம், ஷாக் அப்சார்பர், ஸ்டாண்டு எதுவும் மாறவில்லை. கெடுதல் எல்லாம் ஓட்டுபவருக்குத்தான். மெத்தை மெலிந்ததால் தூரப் பயணத்தில் இடுப்பு வலிக்கும். கால் வைக்கும் ஃபுட் ரெஸ்ட் பழைய இடத்திலேயே இருப்பதால் முழங்கால் அதிகமாக மடங்கும்.

ஸ்பிரிங்கைத் தளர்த்தினால்?

பல வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிகள் வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அதற்கென்று உள்ள ஸ்பானரால் திருப்பி ஒரு படி குறைத்தால், ஆள் உட்காரும்போது வண்டி இன்னும் கொஞ்சம் தாழும். “ஸ்பிரிங்கை மெதுவாக்கிட்டேன்” என்று சொல்வார்கள். உண்மையில் ஸ்பிரிங் மென்மையாவதில்லை. அதை முன்கூட்டியே அழுத்தி வைத்திருந்த அளவுதான் குறைகிறது. அதனால் வண்டி தாழ்ந்து நிற்கிறது. பள்ளத்தில் விழும்போது ஷாக் அப்சார்பர் அமுங்குவதற்கு மிச்சமுள்ள தூரமும் குறைகிறது. பின்னால் இன்னொருவர் ஏறினால் ‘டங்’கென்று அடியில் முட்டும்.

ஷாக்கை மாற்றினால்?

இதற்கும் மேலே இறக்க வேண்டுமென்றால் குட்டையான ஷாக் அப்சார்பர் போடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

“அண்ணே, பின்னாடி ஷாக்கை மட்டும் குட்டையாப் போட்டுட்டா போதாதா?”

“போதாதும்மா. பின்னாடி மட்டும் இறக்கினா வண்டி மூக்கைத் தூக்கிக்கும். வளைவில ஹேண்டில் அடம் பிடிக்கும். முன்னாடியும் இறக்கணும்.”

அண்ணன் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் சாய்வாக இருக்கிறது அல்லவா? ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரை வரை ஒரு கோடாக நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். டயர் எப்போதும் அந்தப் புள்ளிக்குப் பின்னாலேயே இழுபட்டு வருகிறது. மருத்துவமனைத் தள்ளுவண்டியைத் தள்ளும்போது அதன் சக்கரங்கள் தாமாகவே திரும்பிப் போகும் திசைக்கு வந்துவிடுகின்றனவே, அதே காரணம்தான். பைக் நேராக ஓடுவதற்கு, அந்தப் புள்ளிக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளி பெரிய உதவி.

இரு சக்கரங்களின் மையங்களுக்கும் இடையே 1,400 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கத்தை மட்டும் 24 மி.மீ. இறக்கினால் வண்டி முழுதும் 1 பாகை பின்னால் சாயும். முன்சக்கரத்தின் அந்த இடைவெளி கூடும். நேராக நன்றாகப் போகும், ஆனால் திரும்ப மறுக்கும். முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் இடைவெளி குறையும். வேகத்தில் ஹேண்டில் படபடக்கும். அதனால்தான் ஃபோர்க் குழாய்களைக் கவ்வியிருக்கும் தட்டுகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு குழாய்களையும் ஒரே அளவு மேலே ஏற்றி முன்பக்கத்தையும் இறக்குகிறார்கள். அதிகம் ஏற்றினால் பள்ளத்தில் டயர் மட்கார்டில் இடிக்கும்.

வேலை அதோடு முடியவில்லை. சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது. வண்டி தாழ்ந்ததால் ஸ்டாண்டு போட்டாலும் ஏறக்குறைய நேராக நிற்கும். லேசாக இடித்தாலே மறுபக்கம் சாய்ந்துவிடும். ஸ்டாண்டை வெட்டிக் குட்டையாக்கி வெல்டிங் வைக்க வேண்டும். செயின் தளர்வையும் ஹெட்லைட் அடிக்கும் கோணத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

வேகத்தடை சொல்லும் பாடம்

ஸ்பிளெண்டரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 165 மி.மீ. இடைவெளி. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டும் வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. அகலமாக இருப்பதால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே மேட்டில் ஏறிவிடும். அவற்றுக்கு நடுவே மேடு துருத்துவது சுமார் 1 செ.மீ.தான்! எந்த வண்டிக்கும் கவலையில்லை.

ஆனால் தெருமுனையில் யாரோ சிமென்டில் குறுகலாகப் போட்ட மேடு அப்படியல்ல. அது சக்கரங்களுக்கு நடுவே முழு உயரத்துக்கும் எழுந்து நிற்கும். வண்டியை 4 செ.மீ. இறக்கியிருந்தால் மிச்சம் 125 மி.மீ. மேடு 100 மி.மீ. என்றால் நடுவே வெறும் 25 மி.மீ. இரண்டு பேர் உட்கார்ந்து ஷாக் அமுங்கினால் அதுவும் போய்விடும். சைலன்சர் உரசும் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

வளைவிலும் இதே கதைதான். ஃபுட் ரெஸ்ட்டின் நுனி நடுக்கோட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளியும் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலும் இருந்தால், வண்டி சுமார் 37 பாகை சாயும்வரை அது தரையில் உரசாது. 3 செ.மீ. இறக்கிவிட்டால் 34 பாகையிலேயே உரசிவிடும்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் தடித்த அடி உள்ள ஷூ. அதற்குப் பிறகு சீட்டை ஒடுக்கிச் சீவுவது. அது போதாவிட்டால் கம்பெனியே தரும் தாழ்வான சீட். கடைசியாகத்தான் ஷாக்கும் ஃபோர்க்கும். அதையும் விவரம் தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வதையும் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

கியர் வண்டி ஓட்ட உரிமம் வாங்க உங்களுக்கு 18 வயது ஆக வேண்டும். அதுவரை உங்கள் சைக்கிளில் சோதனை செய்யலாம். சீட்டை ஓர் அங்குலம் இறக்குங்கள். நிற்கும்போது எவ்வளவு சுலபம், மிதிக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். வீட்டில் யாராவது “பைக் உயரமா இருக்கு, இறக்கணும்” என்று சொன்னால், ஸ்பானரை எடுக்கும் முன் இன்ச் டேப்பை நீட்டுங்கள். கால் நீளம், சீட் அகலம், தரை இடைவெளி மூன்றையும் அளந்த பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும்.