வெயில், மாவுப்பூச்சி, ஒரு மில்லிமீட்டர் குளவி

இந்த எபிசோடு மாடித் தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்கு. குறிப்பா, ஏப்ரல் மே மாசத்துல வாடிக் கிடக்கிற செடியைப் பார்த்துட்டு, "இதெல்லாம் நமக்கு எதுக்கு"ன்னு பையைக் கவுத்துடலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு.

நான் ஆரணிக்காரன். வேலை சென்னையில, தோட்டம் ஆரணியில. தோட்டம் அம்மாவோடது, வீக்கெண்டுல போய்ப் பார்க்கிற ஆள் மட்டும்தான் நான். போன வாரம் அம்மா போன் பண்ணி, "டேய், கத்தரி முழுக்க வெள்ளை வெள்ளையா பூச்சிடா. பக்கத்து வீட்ல ஏதோ மருந்து வாங்கி அடிச்சாங்களாம். நாமளும் அடிச்சிடலாமா?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்குத்தான் இன்னிக்கு பதில். கொஞ்சம் நீளமான பதில். நடுவுல 2008-க்கு ஒரு தடவை போய்ட்டு வரணும்.

முதல்ல வெயில். கோடையில வெயிலும் பூச்சியும் தனித்தனிப் பிரச்சினை இல்ல. சூட்டுல தவிக்கிற செடிதான் பூச்சிகிட்ட சீக்கிரம் தோத்துப் போகும். சிலந்திப்பேனை எடுத்துக்கோங்க. இலைக்கு அடியில மெல்லிசா வலை கட்டி சாறு உறிஞ்சும், இலை புள்ளி புள்ளியா வெளுத்துடும். சூடான, காய்ஞ்ச காத்து அதுக்குக் கொண்டாட்டம். ஒரு வாரம், பத்து நாள்ல அடுத்த தலைமுறை ரெடி. அதனால நிழல் கட்டுறதும் பூச்சி மேலாண்மைதான்.

எங்க ஊர்ல பட்டுக்குப் பாவு போடறவங்க காலையிலேயே தெருவுல நூலை நீட்டி, வெயில் ஏறுறதுக்குள்ள வேலையை முடிக்கப் பார்ப்பாங்க. காய்ஞ்ச காத்துல நூல் அறுந்துடும்ங்கிறது அவங்களுக்குத் தெரியும். செடிக்குத் தண்ணி விடுறதும் அந்த நேரத்துலதான். மத்தியானம் ரெண்டு மணிக்கு கத்தரி இலை தொங்குதுன்னு பதறி பக்கெட்டைத் தூக்காதீங்க. முதல்ல மண்ணுல விரலை விட்டுப் பாருங்க. உள்ளே ஈரம் இருந்தா, அந்த இலை சாயங்காலம் தானா நிமிர்ந்துடும்.

மாடியில இன்னொரு சிக்கல், கீழே இருந்து வர்ற சூடு. சிமெண்ட் தளம் பகல் முழுக்க சூட்டைக் குடிச்சிட்டு ராத்திரி கக்கும். பையை நேரா தளத்துல வைக்காம, ரெண்டு செங்கல் மேல ஏத்தி வைங்க. மண்ணு மேல வைக்கோலோ காய்ஞ்ச இலையோ ரெண்டு அங்குலம் பரப்புங்க. ஆரணி நெல்லுக்கும் பேர் போன ஊர், எங்களுக்கு வைக்கோலுக்குப் பஞ்சமில்ல. சிட்டியில தேங்காய் நார் போதும். மேல 50 சதவீத நிழல் வலை, முக்கியமா மேற்குப் பக்கம். வலை வாங்க முடியலன்னா பழைய காட்டன் புடவை போதும். (பட்டுப்புடவையைக் கட்டிட்டு என்கிட்ட வராதீங்க.)

தக்காளி பூ கொட்டுதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. பகல்ல 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் சூடு இறங்கலன்னா மகரந்தம் வீணாகிடும், காய் பிடிக்காது. அதுக்கு உரம் போட்டுப் பிரயோஜனம் இல்ல. அந்த ரெண்டு மாசம் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரைன்னு போய்டுங்க.

இப்போ அம்மாவோட வெள்ளைப் பூச்சி. அதுதான் மாவுப்பூச்சி. 2008-ல கோயம்புத்தூர்ல பப்பாளி மரங்கள்ல புதுசா ஒரு மாவுப்பூச்சியைக் கண்டுபிடிச்சாங்க. பேரு பப்பாளி மாவுப்பூச்சி, சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். இங்கே அதைத் தின்ன எதிரி சரியா இல்ல. பப்பாளி, மரவள்ளி, செம்பருத்தி, கத்தரின்னு பரவி, 2009-ல மல்பெரித் தோட்டங்களுக்குள்ள புகுந்துடுச்சு. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற விவசாயிகளுக்குப் பெரிய அடி.

ஆரணிக்காரனா எனக்கு இந்த இடம்தான் முக்கியம். தறியில ஓடுற நூலுக்கு ஆரம்பம் மல்பெரி இலை. அந்த இலையில பூச்சி வந்தா மருந்து அடிச்சிடலாம்னு தோணும். ஆனா இலையைத் தின்னப்போறதே ஒரு பூச்சியோட புழு. மாவுப்பூச்சியைக் கொல்ற மருந்து பட்டுப்புழுவை மட்டும் விட்டுவைக்குமா? அடிச்சா நாள் கணக்குல காத்திருந்துதான் இலை பறிக்கணும். புழுவுக்கோ தினமும் பசிக்கும். இன்னொண்ணு, மாவுப்பூச்சி மேல மெழுகுப் பூச்சு இருக்கும். தெளிக்கிறது பாதி ஒட்டாம வழிஞ்சிடும். முட்டைகள் தனியா பஞ்சு மாதிரி பைக்குள்ள பத்திரமா இருக்கும். அடிக்க அடிக்க, திரும்பத் திரும்ப வந்துச்சு.

2010 ஜூலையில, பெங்களூருவுல இருக்கிற மத்திய அரசோட பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் (அப்போ என்பிஏஐஐ, இப்போ என்பிஏஐஆர்) போர்ட்டோ ரிக்கோவுல இருந்து மூணு வகைக் குளவிகளைத் தருவிச்சாங்க. அதுல நல்லா நிலைச்சது அசிரோஃபேகஸ் பப்பாயே. குளவின்னதும் கொட்டுற குளவியை நினைச்சுக்காதீங்க. இது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மனுஷனைக் கொட்டாது. மாவுப்பூச்சி குஞ்சுக்குள்ள முட்டை வைக்கும். அந்த முட்டையில இருந்து வர்ற புழு, பூச்சியை உள்ளே இருந்தே தின்னு, கடைசியில ஓட்டை போட்டுக் குளவியா வெளியே வரும். கேக்க ஹாரர் படம் மாதிரிதான் இருக்கு. மத்த பூச்சிகளைத் தொடாதுன்னு தனிக் கூண்டுல சோதிச்சுப் பார்த்துட்டு, அந்த வருஷக் கடைசியில இருந்து வயல்கள்ல விட்டாங்க. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெரிய அளவுல வளர்த்துக் கொடுத்துச்சு. மருந்தால அடங்காத பூச்சி சில மாசத்துல அடங்குச்சு.

உங்க கத்தரியில இருக்கிறது அதே பப்பாளி மாவுப்பூச்சியான்னு கேட்டா, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாவுப்பூச்சியில பல இனம் உண்டு, இந்தக் குளவியும் எல்லாத்தையும் தொடாது. ஆனா பெரும்பாலான இனங்களுக்கு ஏதாவது ஒரு எதிரி உங்க மாடிக்கே வரும். நீங்க மருந்து அடிச்சா முதல்ல சாகிறது அதுதான், ஏன்னா அதுக்கு மெழுகுக் கவசம் இல்ல. சில மருந்துகள் அடிச்சா சிலந்திப்பேன் கூடக்கூட ஆகும். அதைத் தின்ன ஆள் இருக்காது.

ஆளை மாத்திக் கொல்றதும் நடக்குது. மாவுப்பூச்சியைத் தின்ற ஒரு பொறிவண்டோட புழு, மேலெல்லாம் வெள்ளை மெழுகோட பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். வேகமா நகருதா, அதை விட்டுடுங்க. ஸ்பால்கிஸ்னு ஒரு பட்டாம்பூச்சி இருக்கு. அதோட புழுவுக்கு இலை வேண்டாம், மாவுப்பூச்சிதான் சாப்பாடு. கூட்டுப்புழு குரங்கு முகம் மாதிரியே இருக்கும். சும்மா தேடிப் பாருங்க, ஆச்சரியப்படுவீங்க. அப்புறம், பழுப்பா உப்பி, சின்ன ஓட்டையோட ஒட்டிக்கிட்டிருக்கிற மாவுப்பூச்சி தெரிஞ்சா, குளவி வேலையை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்.

அம்மாகிட்ட நான் சொன்னது இதுதான்: "இப்போதைக்கு மருந்து வேண்டாம்மா. நாம மூணு நாளைக்கு ஒரு தடவை காய் பறிக்கிறோம், அதைத்தான் சாம்பார்ல போடுறோம். மருந்து டப்பாவுல போட்டிருக்கிற காத்திருப்பு நாளுக்கு எங்கே போறது?" பதிலா, ரொம்பப் பிடிச்ச கிளையை வெட்டி சோப்புத் தண்ணியில போடச் சொன்னேன். மத்த இலைக்கு அடியில தண்ணியைப் பீய்ச்சி அடிக்கணும், சிலந்திப்பேனுக்கும் அதுவே நல்லது. எறும்பைக் கவனிக்கணும். தேன் மாதிரி கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிக்கும், குளவியை விரட்டும். பையைத் தூக்கி வெச்ச செங்கலைத் தண்ணித் தட்டுல வெச்சா எறும்பு ஏறாது. தட்டுத் தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்திடுங்க, இல்லன்னா கொசுவுக்கு எபிசோடு போட வேண்டியிருக்கும்.

அதுக்கும் அடங்கலன்னா வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடிச்சு, ராத்திரி முழுக்க ஊற வெச்சு, துணியில வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கணும். அடிக்கிறது சாயங்காலம்தான். வெயில்ல அதுல இருக்கிற அசாடிராக்டின் சீக்கிரம் சிதைஞ்சுடும், இலையும் கருகலாம். முதல்ல ஒரு இலையில அடிச்சு, மறுநாள் பார்த்துட்டு மத்ததுக்குப் போங்க.

அம்மா கேட்டது, "கொட்டைக்கு எங்கடா போறது?" வேப்பம்பழம் விழுற சீசன்ல தெரு மரத்தடியில பொறுக்கி, சதையைக் கழுவி, நிழல்ல காயவெச்சு, துணிப்பையில கட்டி வைங்க. பிளாஸ்டிக் பையில கட்டாதீங்க, பூஞ்சை பிடிச்சுடும். மூணு மாசம் கழிச்சுப் பயன்படுத்தலாம், எட்டு மாசத்துக்குள்ள தீர்த்துடுங்க.